எழுத்துப் பக்கம் பசை தடவியவன்

ஒரு பெண் இந்த உலகத்தில் பிறந்ததற்கு இருந்த ஒரே அத்தாட்சியை நான் ஒன்பது துண்டாக வெட்டி, அவளுடைய அப்பாவின் தாடைக்குக் கீழே நிழலாக ஒட்டினேன். ஒட்டிவிட்டு ஆறடி பின்னால் போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, ‘அடடா’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்டியதையாவது ஒரு நாள் மன்னித்துவிடுவேன். அந்த ‘அடடா’வை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

காகித ஒட்டுச்சித்திர வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். உற்சாகமூட்டும்படி இருந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். அதற்கு வேறு ஆளைப் பிடித்திருக்க வேண்டும். கத்தரியை எப்படிப் பிடிப்பது, எந்தத் தாள் வெயிலில் வெளுக்காது என்பதெல்லாம் உங்கள் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. என்னைவிட நல்ல வெளிச்சத்தில், நல்ல சட்டை போட்டுக்கொண்டு சொல்லித் தருகிறார்கள். நான் இருபத்தேழு வருடம் இந்த வேலை செய்தேன். இப்போது வலது கை நடுவிரல் மடங்கினால், இடது கையால் பிடித்து நிமிர்த்த வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஓய்வு என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். விரலும் ஒரு காரணம்.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் என் அறை. சோற்றுக்காக மூன்று சக்கர டிரைஷா வண்டி, பழைய மரஜன்னல், ஜன்னலில் பூனை என்று சுற்றுலாக்காரர்களுக்குச் செய்வேன். பூனை இல்லாத ஜன்னலை அவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பெருமைக்காகச் செய்தது மனித முகங்கள், அதிலும் இறந்தவர்களின் முகங்கள். ஒருவர் விட்டுப்போன காகிதங்களைக் கொண்டே அவருடைய முகத்தைச் செய்வது என் தனிச் சரக்கு. தூரத்திலிருந்து பார்ப்பவர் எண்ணெய்ச் சாயத்தில் தீட்டிய ஓவியம் என்றே நினைப்பார். கிட்டே வருவார். கன்னத்தில் கரண்ட் பில்லும், நெற்றியில் மருந்துச் சீட்டும் தெரியும். வாய் பிளக்கும். அந்த வாய் பிளப்புக்காகவே உயிர் வாழ்ந்தேன்.

இதற்காக இரண்டு கொள்கைகள் வைத்திருந்தேன். முதலாவது, நகல் எடுத்த தாளைத் தொடமாட்டேன். ‘ஜெராக்ஸில் உயிரில்லை’ என்று கண்காட்சிகளில் சொல்வேன். சொல்லிவிட்டுச் சற்று நிறுத்துவேன், யாராவது குறித்துக்கொள்ள விரும்பினால் வசதியாக இருக்கட்டும் என்று. இரண்டாவது, ஒட்டிய இடம் தெரியக்கூடாது. அதற்காக ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் பின்பக்கமாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெங்காயத் தோல் அளவுக்கு மெலிதாக்கி, பிறகுதான் பசை தடவுவேன். பக்கத்துத் துண்டோடு அது அப்படியே கரைந்துபோகும். ஓவியம் மாதிரி தெரிவதன் ரகசியம் அதுதான். இந்த உப்புத்தாளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே, படங்களுக்கு ஃபிரேம் போடும் கடை. அதை நடத்தியவர் ஒரு சீனப் பெண்மணி, என்னைவிடப் பத்து வயது இளையவர். எங்கள் தெருவிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழ் பேசுவார். அதைவிடச் சரளமாகத் தமிழில் திட்டுவார். இந்தத் தொழிலில் எனக்கு ஆசான் என்று யாராவது உண்டென்றால் அவர்தான். இதை அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் மறுத்துவிடுவார்.

நான் ஒட்டுவது வெள்ளைப் பசையில் என்பது அவருக்குப் பிடிக்காது. காய்ந்தால் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். பிறகு பிரிக்க முடியாது. அவர் கடையில் கோதுமை மாவு காய்ச்சிய பசைதான். நனைத்தால் விட்டுவிடும்.

“அண்ணே, நீ சாமியா?” என்று கேட்டார் ஒருமுறை. “சாமிக்குத்தான் தப்பு வராது. மனுசன் மாவுப் பசைல ஒட்டணும்.”

“மாவுப் பசைன்னா கரப்பான் வந்து தின்னுரும்மா.”

“தின்னா ஓரந்தான் போகும். உன் வெள்ளைப் பசை முழுசாத் தின்னும், பாரு.”

பினாங்குக் கரப்பான்களின் கலை ரசனையைப் பற்றி ஏதோ நகைச்சுவை சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். நன்றாகத்தான் இருந்தது அந்த நகைச்சுவை. இப்போது நினைவில்லை.

சேகர் வந்தது ஒரு சனிக்கிழமை காலை. செபராங் ஜெயாவில் ஏர்கான் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர், முப்பத்தைந்து வயது. அப்பா முத்தையா இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது. வருஷத் திதிக்குக் கூடத்தில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்றார். அக்குளில் ஒரு பிஸ்கட் டின்.

“அப்பா சேர்த்து வச்ச பேப்பருண்ணே. தோட்டத்துல இருந்தப்ப உள்ளது, அப்புறம் ஜாகா வேலை பார்த்தப்ப உள்ளது, எல்லாம் கெடக்கு. அம்மாவும் போயிட்டாங்க. இனிமே யாரு பார்க்கப் போறா?”

“முக்கியமானது எதுவும் இல்லையே தம்பி?”

“ஐசி, வீட்டுப் பேப்பர் எல்லாம் நான் எடுத்துட்டேன். இது சும்மா குப்பைலா.”

நான் கேட்டேன், அவர் சொன்னார். இதைப் பிற்பாடு எனக்குச் சாதகமாகப் பலமுறை எடுத்துச் சொல்லிப் பார்த்தேன், கண்ணாடி முன்னாலும் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

டின்னில் தோட்டத்துச் சம்பளச் சீட்டுகள், ஜாகா என்ற காவல் வேலையின் நேர அட்டைகள், கோயில் ரசீதுகள், பரிசு விழாத லாட்டரி நம்பர் சீட்டுகள். நல்ல மனிதர், எதையும் தூக்கி எறியாதவர். நிறத்தின்படி பிரித்து அடுக்கினேன். மூன்று வாரத்தில் நெற்றி, கன்னம், மூக்கு எல்லாம் வந்துவிட்டன. தாடைக்குக் கீழே விழும் நிழல் மட்டும் வரவில்லை. அந்த நிழல் சரியாக அமையாவிட்டால் முகம் கழுத்தின்மேல் உட்காராது. தட்டில் வைத்த மாதிரி இருக்கும்.

அப்போதுதான் டின்னின் அடியில் அந்தச் சீட்டு அகப்பட்டது. உள்ளங்கை அகலம், நாலாக மடித்த தடித்த பழுப்புத் தாள். முன்பக்கம் ஊதா மையில் எழுதியிருந்தது. நம் ஊர் ஈரத்தில் அந்த மை ஊறி, பின்பக்கம் மங்கலான ஊதாவாகக் கசிந்திருந்தது. அடிபட்டு ஆறிவரும் தோலின் நிறம். எந்த விளம்பரத் தாளிலும் கிடைக்காத நிறம்.

முன்பக்கத்தில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. பார்த்தேன். நீங்களும் சீக்கிரம் இந்த நிலைக்கு வந்துவிடுவீர்கள்: கண்ணில் பட்ட எழுத்து சொல்லாகத் தெரியாது, கோடாகவும் அடர்த்தியாகவும்தான் தெரியும். சொற்கள் குறுக்கே வந்து தொல்லை செய்யக் கூடாதென்று தாள்களைத் தலைகீழாக வைத்து வேலை செய்யும் பழக்கத்தை நானே முயன்று வளர்த்துக்கொண்டேன். வீட்டுச் சுவர் முழுக்கப் புத்தகம் வைத்திருப்பவன், தொழில் மேசையில் உட்கார்ந்ததும் எழுத்தறியாதவன் ஆகிவிடுவேன். அதைத் தேர்ச்சி என்று வேறு நினைத்திருந்தேன்.

ஒன்பது துண்டு வெட்டினேன். எழுத்துப் பக்கத்து ஓரங்களைத் தேய்த்தேன். எழுத்துப் பக்கமே பசை தடவினேன். ஒட்டினேன். முகம் கழுத்தின்மேல் வந்து உட்கார்ந்தது. அடடா.

இரண்டு நாள் கழித்து, ஒரு புதன்கிழமை மதியம், செல்வி வந்தார். சேகரின் அக்கா. நாற்பத்து மூன்று வயது. பாயான் பாருவில் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. படியேறி வந்த மூச்சு அடங்குவதற்கு முன்பே பேசத் தொடங்கினார்.

“தம்பி ஒரு டின்னு கொடுத்தானாமேண்ணே. அதுல ஒரு சீட்டு இருந்திருக்கும். டிரெசர் எழுதிக் கொடுத்தது.”

டிரெசர் என்றால் அந்தக் காலத்தில் தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்த்தவர். மாத்திரை கொடுப்பதும் அவர்தான், காயத்துக்குக் கட்டுப் போடுவதும் அவர்தான், பிறப்பையும் இறப்பையும் குறித்து வைப்பதும் அவர்தான்.

“என்ன சீட்டு தங்கச்சி?”

“நான் பொறந்ததுக்கு. அப்பா சாகுறதுக்கு முன்ன சொன்னாரு, டின்ல பத்திரமா இருக்குன்னு. அப்ப எனக்கு வெளங்கல. இப்பத்தான் ஆபிஸ்ல கேக்குறாங்க. பொறந்தப்ப எழுதின பேப்பர் ஏதாச்சும் ஒண்ணு ஒரிஜினலா வேணுமாம். அப்பா பேரு, அம்மா பேரு இருக்கணுமாம். அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்கண்ணே.”

அவர் சொல்லச் சொல்ல விஷயம் இப்படி விரிந்தது. அப்பாவும் அம்மாவும் தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்கள், பதிவு செய்யவில்லை. செல்வி தோட்டத்திலேயே பிறந்தார். அதையும் பதிவு செய்யவில்லை. எட்டு வருடம் கழித்து, யாரோ புத்தி சொல்லித் திருமணத்தைப் பதிந்தபின், அரசாங்க மருத்துவமனையில் சேகர் பிறந்தார். அதனால் தம்பிக்கு நீல ஐசி என்ற அடையாள அட்டை, குடிமகன். அக்காவுக்குத் தற்காலிகமாகத் தங்க அனுமதிக்கும் பச்சை அட்டை. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்து, நாற்பத்து மூன்று வருடமாகத் தற்காலிகம். அட்டையைக் காரணம் காட்டி அவருடைய திருமணமும் பதிவாகவில்லை. எனவே பதினாறு வயது மகள் சரண்யாவும் அம்மாவின் வரிசையில்தான் நிற்கிறாள்.

“எனக்குப் பரவால்லண்ணே. பழகிப்போச்சு. அவ நல்லாப் படிக்கிறா. அடுத்த வருஷம் பெரிய சோதனை. அதுக்கு மேல காலேஜ் போகணும்னா ஐசி நம்பர் கேப்பான்ல. அந்தச் சீட்டு இருந்தா எனக்குக் கெடைக்கும்னு அந்த ஆபிஸ் அம்மாவே சொல்லுச்சு. எனக்குக் கெடைச்சா அவளுக்கும் வழி வரும்.”

“எப்படி இருக்கும் அந்தச் சீட்டு?”

தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

“பழுப்பா, நாலா மடிச்சு. ஊதா மைன்னாரு அப்பா.”

படம் அவருக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருந்தது. என் பார்வை போன இடத்தைப் பார்த்து அவரும் திரும்பினார். வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மகள் அல்லவா, அப்பாவைக் கண்டதும் உருகிவிட்டார் என்று நினைத்தேன். அந்த இக்கட்டிலும் எனக்குள் ஓர் ஓரத்தில் வேலை பலித்துவிட்டது என்ற திருப்தி எட்டிப் பார்த்ததை மறைக்கப் போவதில்லை.

“டின்ல நெறைய இருக்கு தங்கச்சி,” என்றேன். “தேடிப் பார்த்துச் சொல்றேன்.”

“ரொம்ப நன்றிண்ணே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

படியிறங்கிப் போனார்.

அன்றும் மறுநாளும் நான் செய்ததையெல்லாம் உங்கள் நன்மைக்காகச் சொல்கிறேன். வெட்டி மிஞ்சிய துணுக்குகளை நிறவாரியாக உறைகளில் போட்டு வைப்போம் இல்லையா, அதில் ‘நிழல், ஊதா’ உறையைக் கொட்டினேன். சீட்டின் துணுக்குகள் இரண்டு கிடைத்தன. ஒன்றில் அரை வட்ட முத்திரை. இன்னொன்றில் பெண் குழந்தை என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முன்பாதி. பிறகு மேசையடியைக் கூட்டினேன். குப்பைக்கூடையைக் கவிழ்த்தேன். டின்னில் இதேபோல் இன்னொரு சீட்டு இருக்கக்கூடும் என்று நான்கு முறை தேடினேன். தோட்டத்து டிரெசர்கள் எல்லாவற்றையும் இரண்டு பிரதி எழுதும் பழக்கமுள்ளவர்கள் என்று ஒரு கோட்பாட்டை நானே உருவாக்கி நானே நம்பினேன். ஒரு கட்டத்தில், அப்படி ஒரு சீட்டு டின்னில் இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன என்றும் யோசித்தேன். அந்த யோசனை வந்ததும் போகவில்லை. சாய்வாக உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஃபிரேம்காரம்மா மாடிக்கு வந்தார்.

“அண்ணே, ரெண்டு நாளா நீ கீழ சாப்பிட வரல. யாரக் கொன்ன?”

“கொல்லலம்மா. ஒரு ஆளப் பொறக்காமப் பண்ணிட்டேன்.”

சொன்னேன். அவர் படத்தின் அருகே போய், தாடையை உற்றுப் பார்த்து, விரல் நகத்தால் ஓர் ஓரத்தைத் தொட்டார்.

“வெள்ளைப் பசை.”

“ஆமா.”

“வெட்டுறதுக்கு முன்ன போட்டோவாச்சும் எடுத்தியா?”

“இல்ல.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கைப்பேசியை எடுத்து என் கையில் வைத்தார்.

“இப்பப் பேசு. நான் இங்கதான் நிப்பேன்.”

சனிக்கிழமை காலை அக்காவும் தம்பியும் வந்தார்கள். நின்றபடியே சொன்னேன். செல்வி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சேகர் சுவர் முழுக்க இருந்த புத்தகங்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னை.

“நீங்க படிச்சவருதானேண்ணே?”

“ஆமா தம்பி.”

“இத்தன புக்கு படிச்சிருக்கீங்க. ஒரு சீட்டப் படிக்க முடியலையா?”

இருபத்தேழு வருடத்தில் என் கலையைப் பற்றி வந்த விமர்சனங்களிலேயே சுருக்கமானதும் சரியானதும் அதுதான். 

“சரி, படத்தையே தூக்கிட்டுப் போவோம்லா,” என்றார் சேகர். “ஆபிஸ்ல வச்சு, இதுக்குள்ளதான் இருக்குன்னு சொல்லுவோம்.”

“எந்த நாட்டுல தம்பி அப்பா கழுத்தக் காட்டி ஐசி குடுக்கிறான்?” என்றார் செல்வி.

“அதுக்குன்னு அப்பா மூஞ்சியக் கிழிக்கச் சொல்றியாக்கா? திதிக்கு இன்னும் ஒரு மாசங்கூட இல்ல. சொந்தக்காரங்ககிட்டல்லாம் சொல்லிட்டேன்.”

“அப்பா மூஞ்சி எனக்கு ஞாபகம் இருக்குடா. அவரு பேருதான் வேணும்.”

சேகர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். செல்வி என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

நெருக்கடி வந்தால் நம் கை ஓடிப்போய் எதையாவது செய்யத் துடிக்கும். என் கை தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்தது. சுடுதண்ணீரில் நனைத்தால் சற்றே இளகும், சீக்கிரம் உரிக்கலாம், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்ற பதற்றம். ஃபிரேம்காரம்மா கிண்ணத்தின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

“ஊதா மை. தண்ணி பட்டா ஓடிடும். உக்காரு மொதல்ல.”

உட்கார்ந்தேன்.

“முன்னாலேருந்து போகாத. பின்னாலேருந்து வா.”

அவர் சொன்னது இதுதான்: படத்தைத் தாடையோரமாக, அது ஒட்டியிருக்கும் அட்டையோடு சேர்த்து அறுத்து எடுக்க வேண்டும். கவிழ்த்துப் போட்டு, அட்டையைப் பின்பக்கத்திலிருந்து ஏடு ஏடாகச் சீவி, கடைசி ஏடு வரை வந்து, பசைப் படலத்தை உலர்ந்த விரலாலேயே உருட்டி எடுக்க வேண்டும். எழுத்துப் பக்கம் அட்டையைப் பார்த்து ஒட்டியிருந்ததால், அந்த வழியாகத்தான் எழுத்து நமக்கு முகம் காட்டும். முகம் போய்விடும், எழுத்து பிழைக்கலாம்.

காலை பத்து மணிக்குக் கத்தியை வைத்தேன். மனிதரை முதலில் தாடையிலிருந்து பிரித்தேன். பிறகு காதடி. மாலை நாலு மணிக்கு ஒன்பது துண்டும் மேசைமேல் கிடந்தன. எழுத்து ஒவ்வொன்றாக மேலே வந்தது. செல்வி பக்கத்தில் குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே இருந்தார். இப்போது எல்லோருக்கும் முன்னால், ஒரு வழியாக, அந்தச் சீட்டு படிக்கப்பட்டது.

“அஞ்...சலை. அம்மா. தம்பி, அம்மா பேருடா!”

சேகர் ஜன்னலிலிருந்து வந்தார். தேதி வந்தது. தோட்டத்தின் பெயர் வந்தது. குழந்தையின் எடைகூட வந்தது. துணுக்கு உறையிலிருந்த அரை வட்டம் இன்னோர் அரை வட்டத்தோடு சேர்ந்து முத்திரை ஆனது. ஃபிரேம்காரம்மா மெல்லிய தாள்மேல் மாவுப் பசை தடவி ஒவ்வொன்றையும் அதன் இடத்தில் வைத்தார்.

தகப்பன் பெயர் என்ற வரிக்கு நேரே ‘முத்’ என்பதற்கான எழுத்துகள் இருந்தன. அதற்குப்பின் தாள் இருந்தது, எழுத்து இல்லை. பக்கத்துத் துண்டில் இன்னொரு வெளிறிய ஓரம். இரண்டு துண்டு சந்திக்கும் இடம் அது. சந்திப்பு தெரியாமல் இருப்பதற்காக நான் உப்புத்தாளால் தேய்த்த இடம்.

“மீதி எங்கண்ணே?” என்றார் செல்வி.

புதன்கிழமை கூட்டிய தூசியில் எங்கோ இருந்தது. முத்துசாமி, முத்துவேல், முத்துக்கருப்பன். முத்து என்று தொடங்கும் ஆண்களால் நிறைந்த நாடு இது. அதில் அவர் அப்பாவை மட்டும் தனியாகப் பிரித்துக் காட்டும் எழுத்துகளை நான் தூளாக்கியிருந்தேன், ஓவியம் மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக.

வியாழக்கிழமை நானும் கூடப் போனேன். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் என்னிடம் இருந்தது. முகப்பில் இருந்த அதிகாரி இளம்பெண், மரியாதையானவர். கடிதத்தைப் படித்தார். சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். யார் இதைச் சேர்த்து ஒட்டியது என்று மலாயில் கேட்டார். ஃபிரேம்காரம்மாவை இதில் இழுக்க மனமில்லாமல், நான்தான் என்றேன்.

“சாந்தேக்,” என்றார். அழகாக இருக்கிறது.

உண்மையாகவே சொன்னார். பிறகு, வருத்தத்தோடு, தகப்பன் பெயர் இல்லையே என்றார். கோப்பில் வைக்கிறேன், மேலே அனுப்புகிறேன், முடிவு என் கையில் இல்லை என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெட்டி ஒட்டிய தாளை அசல் ஆவணம் என்று நம்பச் சொல்வது எவ்வளவு பெரிய வேண்டுகோள் என்று எங்கள் மூவரில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பதினோரு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஒரே வரி. ஏற்க இயலவில்லை. காரணம் எழுதியிருக்கவில்லை. அதே வருடம் சரண்யா சோதனை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினாள். கல்லூரி விண்ணப்பத்தின் முதல் கட்டமே ஐசி எண். இப்போது அம்மாவோடு அதே கடையில் தட்டு எடுக்கிறாள். நான் போனால் தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ‘சீனி கம்மிதானே அங்கிள்?’ என்பாள். என்மேல் அவளுக்குக் கோபம் இருக்கிறதா என்று கேட்கும் தைரியம் இன்னும் வரவில்லை.

திதிக்குச் சேகர் அப்பாவின் ஐசி படத்தையே பெரிதாக்கி மாட்டினார். என்னை அழைத்திருந்தார். போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பாடம் என்று ஏதாவது சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன். கையில் வரும் ஒவ்வொரு தாளையும், இரண்டு பக்கமும், வாய்விட்டுப் படியுங்கள். பைத்தியம் என்பார்கள், இருக்கட்டும். கொண்டுவந்தவர் குப்பை என்று சொன்னால் இரண்டு முறை படியுங்கள். குப்பை யாருக்கு என்று அந்தக் குடும்பத்தில் இன்னொருவரிடமும் கேளுங்கள். வெட்டுவதற்குமுன் நகல் எடுங்கள். முடிந்தால் நகலையே வெட்டுங்கள். ஜெராக்ஸில் உயிர் இருக்கிறதா என்று இப்போது யாராவது கேட்டால், அதில் அப்பா பெயர் இருக்கும் என்று சொல்வேன். மாவுப் பசையில் ஒட்டுங்கள். கரப்பானுக்கு நாப்தலின் உருண்டை வையுங்கள்.

இன்னொன்று. தவறு தெரிந்த அந்த நிமிடமே சொல்லிவிடுங்கள். அதனால் நிலைமை சரியாகிவிடும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். நான் புதன்கிழமையே சொல்லியிருந்தாலும் அந்தச் சீட்டில் ஓர் எழுத்துகூடக் கூடுதலாகக் கிடைத்திருக்காது. ஆனால் செல்வி எனக்கு நன்றி சொல்லியிருக்க மாட்டார். அந்த நன்றியைத் திருப்பிக் கொடுக்க எனக்கு இதுவரை வழி தெரியவில்லை.

போன மாதம் செல்வியை என் காரில் பாலிக் புலாவுக்கு அழைத்துப் போனேன். அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புத் தாமான் ஆகிவிட்டது, டிரெசர் இறந்துவிட்டார். ஆனால் தோட்டத்துக் கணக்குப் பிள்ளையாக இருந்த ஒருவர் அங்கே மகன் வீட்டில் இருப்பதாகத் தகவல். இருந்தார். முத்தையாவை ஞாபகம் இருக்கிறது என்றார். பெண் குழந்தை ஒன்று இருந்த ஞாபகமும் இருக்கிறது என்றார். பெயர் ஞாபகமில்லை. சொன்னவரை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டோம். மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் முதல் படி.

திரும்பும்போது மலைப்பாதையில் நான்தான் பேச்சை ஆரம்பித்தேன். தாடையும் கழுத்தும் இல்லாத அந்தப் படம் இன்னும் என் அறையில்தான் இருக்கிறது. எறிய மனமில்லை. நகல் தாள்களைக் கொண்டு கழுத்தைத் திரும்பச் செய்து அவருக்கே தந்துவிடலாம் என்று ஓர் எண்ணம்; மடங்கும் விரலோடு அதை மட்டும் முடித்துவிட்டு ஓய்ந்துவிடுவேன். இதை மிகவும் உருக்கமாகச் சொன்னேன்.

செல்வி வளைவுகளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“வேணாண்ணே.”

“உங்களுக்காக இல்லன்னாலும், அப்பாவுக்காக.”

அவர் என் பக்கம் திரும்பினார்.

“தப்பா நெனைக்காதீங்கண்ணே. அன்னிக்கு உங்க மாடிக்கு வந்தேன்ல, அந்தப் படத்த ரொம்ப நேரம் பார்த்தேன். சேகர் அப்புறமாச் சொல்லித்தான் அது எங்க அப்பான்னே எனக்குத் தெரியும். நான் யாரோ தவுக்கே, சீன மொதலாளி படம்னுல்ல நெனச்சேன்.”